மூன்றாம் மாடியும் முக்குக்கடை பெஞ்சும்

வட சென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பழைய ஹவுசிங் போர்டு வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு லிஃப்ட் கிடையாது. தரைத்தளம், அதன்மேல் மூன்று மாடி. மாடிக்குப் 16 படி என்று வைத்தாலும் மூன்றாம் மாடிக்கு 48. முட்டி தேய்ந்தவருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. இறங்கும் ஒவ்வொரு படியிலும் மடங்கிய ஒற்றைக் கால் உடம்பு மொத்தத்தையும் தாங்கி மெதுவாக விட வேண்டும். தேய்ந்த மூட்டு தாங்காத வேலை அது. முதலில் வெள்ளிக்கிழமைக் கோயில் நிற்கும். அப்புறம் மார்க்கெட். அப்புறம் கூடையில் கயிறு கட்டிக் கீழே இறக்கிப் பால் பாக்கெட் வாங்கும் பழக்கம் வரும். கூடை இறங்கத் தொடங்கியதும் ஆயா இறங்குவது நின்றுபோகும். தெருவில் யாரும் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை, ஏனென்றால் பால் பாக்கெட் தினமும் மேலே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

முதியோர் ஊரோடும் தெருவோடும் ஒட்டி இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டால் உடனே வரும் பதில்கள் பொங்கல் விழா, மருத்துவ முகாம், சுற்றுலா, வேட்டி சேலை. இவை வருடத்துக்கு இரண்டு நாள் சமாச்சாரம். மீதி 363 நாளைத் தீர்மானிப்பவை படி, கழிப்பறை, காது, நாற்காலி, போன் ரீசார்ஜ் போன்ற சில்லறை விஷயங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் வராமல் போனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் இருக்கிறாரா என்பது. முதியோர் குழு நடத்துகிறவர்கள் வந்தவர் பெயரை எழுதிவைக்கிறார்கள். எழுத வேண்டியது வராதவர் பெயரை.

ஆள் இருந்தும் தனிமை

வட சென்னையில் தன்னந்தனியாக வசிக்கும் முதியவர்கள் உண்டு. ஆனால் அதிகம் காண்பது வேறு காட்சி: பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர், நடுவில் யாரோடும் நாலு வார்த்தை பேசாத ஒரு பெரியவர். உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையும் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. பிறரோடு பழக்கமே அற்றுப்போவது ஒன்று. ஆள் சுற்றியிருந்தும் மனசுக்குள் தனித்துப்போவது இன்னொன்று. முதியோரில் 3 பேரில் ஒருவர் வரை முதல் வகையில் வரலாம் என்கிறது அது. தனிமை உணர்வு எல்லா வயதிலும் சேர்த்து 6 பேரில் ஒருவருக்கு. வைத்தியம் இரண்டுக்கும் வேறு. பழக்கம் அற்றவருக்கு ஆள் வேண்டும். ஆள் இருந்தும் தனித்தவருக்கு வேண்டியது, அவர் சொல்வதைக் கேட்கும் ஒரு காதும் அவர் செய்வதற்கு ஒரு வேலையும்.

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-இல் அது 18-ஐத் தாண்டும் என்பது அரசுக் கணிப்பு. அந்தக் கணக்கில் வரும் வட சென்னைக்காரர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் துலங்கும். மில், ஹார்பர், ரயில்வே பட்டறை, மீன்பிடி, மூட்டை தூக்குதல் என்று கும்பலாக உழைத்த தலைமுறை அது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பெரம்பூரில் பிறந்தது. ஆண்களுக்கு மில் கேட், சங்கக் கொட்டகை, படிப்பகம், டீக்கடை எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியவை. 1996-இல் பின்னி மில் மூடியபோது போனது சம்பளம் மட்டும்தானா? ஷிப்டு முடிந்து ஆயிரம் பேர் சேர்ந்து நடந்த அந்த நடையும் போனது. படிப்பகங்கள் சில இன்னும் இருக்கின்றன, பேப்பர் வருகிறது. ஆனால் பல இடங்களில் வாசலை இருசக்கர வண்டிகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் மிஞ்சியிருக்கும் திண்ணைகளுக்கும் அதே கதி.

பெண்களின் கணக்கு தனி. அவர்களுக்குப் பெஞ்ச் என்றைக்கும் கிடைத்ததில்லை. அடிபம்பும் லாரித் தண்ணீர் வரிசையும் ரேஷன் கடையும்தான் கிடைத்தன. குழாய் வீட்டுக்குள் வந்தது நல்லது. ஒரு காலத்தில் தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்த முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்குக்குப் போனது, இடையில் யாரும் கை வைக்காமல் இருக்க. ஆகஸ்ட் 2025-இல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் பொருளும் வீடு தேடி வருகிறது. நடக்க முடியாதவருக்கு இது வரம், இதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் ஒவ்வொரு வசதியும் வரும்போது, வெளியே போக இருந்த ஒரு சாக்கையும் கையோடு எடுத்துப்போகிறது. அந்தச் சாக்குக்குப் பதிலாக இன்னொன்றைத் தெருக்காரர்கள்தான் உண்டாக்க வேண்டும்.

இடமாற்றம் இதைவிடப் பெரிய அடி. ஆற்றோரத்திலிருந்து, தெற்கே தொலைவில் அரசு கட்டிய பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ போகும் குடும்பத்தில் இளையவர் பஸ் ஏறி வேலைக்கு வந்துவிடுவார். பெரியவருக்கு நாற்பது வருடப் பழக்கம் ஒரே நாளில் அறுந்துபோகும். குலுக்கலில் வீடு விழும்போது பக்கத்து வீட்டார் ஆளுக்கொரு பிளாக்கில் சிதறுவார்கள். இடித்துக் கட்டும் குடியிருப்புகளிலும் இதே கதை நடக்கலாம். ஒதுக்கீடு நடப்பதற்கு முன்பே, 'இந்த எட்டு வீடும் ஒரே தளத்தில் வேண்டும், இந்த மூன்று பேருக்குத் தரைத்தளம் வேண்டும்' என்று பெயர், வயது, உடல்நிலையோடு எழுதிக் கொடுத்து, மனு பெற்றதற்குச் சீல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சாவி கைக்கு வந்த பிறகு மாற்றுவது குதிரைக்கொம்பு.

கதவைத் தட்டுவதற்கு முன்

முதியோர் குழு தொடங்க ஒரு தெரு அல்லது ஒரு பிளாக், 60 முதல் 80 வீடு. அதற்கு மேல் எடுத்தால் கை தாங்காது. முதல் வாரம் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். யார் வெளியே வருவதை நிறுத்திவிட்டார் என்பது பால் போடுகிறவருக்கும், காலையில் இட்லி சுடும் ஆயாவுக்கும், மருந்துக் கடைக்காரருக்கும் முன்பே தெரியும். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வரும் தன்னார்வலருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 2021 முதல் அந்தத் திட்டம் வீடு வீடாகப் போகிறது. நோயாளி விவரத்தை அவர் சொல்லக்கூடாது, நாமும் கேட்கக்கூடாது. 'எந்த வீட்டுக்கு நாங்கள் போனால் நல்லது' என்று கேட்டால் போதும்.

இரண்டாம் வாரம் இரண்டு பேராகப் போங்கள். ஒருவராவது பெண்ணாக, அந்தத் தெருக்காரராக இருக்கட்டும். கையில் படிவம் வேண்டாம். படிவத்தைப் பார்த்ததும் பென்ஷன் வாங்கித் தர வந்தவர்கள் என்று நினைப்பார்கள், இல்லாவிட்டால் வீட்டைக் கணக்கெடுக்க வந்தவர்கள் என்று பயப்படுவார்கள். பேச்சோடு பேச்சாக நான்கு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும். கடைசியாக எப்போது கேட் தாண்டிப் போனீர்கள்? நேற்று வீட்டாரைத் தவிர யாரோடு பேசினீர்கள்? ராத்திரி நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? போன வருடம் செய்து இந்த வருடம் விட்டுப்போனது என்ன? நான்காவதற்குக் கிடைக்கும் பதில்தான் தங்கம். 'பூ கட்டுறத உட்டுட்டேன்', 'மாதா கோயிலுக்குப் போறதில்ல' என்று அவர் வாயிலிருந்தே வருவதுதான் அவரைத் திரும்ப இழுக்கும் கயிறு. மருமகள் பக்கத்தில் நின்றால் இரண்டாவது கேள்விக்கு உண்மை வராது. இன்னொரு நாள் போங்கள். அடி, பட்டினி, பூட்டி வைத்தல் என்று தெரிந்தால் அது குழுவின் வேலை இல்லை. முதியோர் உதவி எண் 14567-க்குச் சொல்ல வேண்டும். பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கவும் வழி உண்டு.

படியைப் பொறுத்தவரை செலவு குறைந்த வேலைகள் சில இருக்கின்றன. ஒவ்வொரு வரிசையின் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் விளிம்பில் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட். கண் மங்கியவர் விழுவது பெரும்பாலும் கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைக்கும்போதுதான். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மறுபக்கச் சுவரில் ஒரு குழாய்; பக்கவாதத்தில் வலது கை விழுந்தவருக்கு இடது பக்கப் பிடி இல்லாமல் இறங்க வழி கிடையாது. திருப்பத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கச் சுவரோடு மடங்கும் பலகை. நாற்காலி போட்டால் அவசரத்தில் ஆள் ஓட வழி இருக்காது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். பலருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

உட்காரும் இடம்

வாராவாரம் கூடும் குழுவுக்கு 12 முதல் 15 பேர் போதும். வீட்டிலிருந்து 200, 300 மீட்டருக்குள் இடம். மெயின் ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் சாலையென்றால் ஒருவரும் வரமாட்டார். மரத்தடி, கோயில் மண்டபம், சர்ச் ஹால், படிப்பகம், காலியாக நிற்கும் அங்கன்வாடித் தாழ்வாரம் எதுவானாலும் சரி, எப்போதும் அதே இடமாக இருக்க வேண்டும். 'இந்த வாரம் எங்கே?' என்று விசாரிக்க வைத்தால் மறதி உள்ளவர் முதலில் உதிர்வார்.

நாற்காலியில் கஞ்சத்தனம் கூடாது. பாய் விரித்தால் உட்காருவார்கள், எழுந்திருக்க முடியாது. அந்த அவமானத்துக்குப் பயந்தே மறுவாரம் வரமாட்டார்கள். உட்காரும் உயரம் ஒன்றரை அடி, இரண்டு பக்கமும் கை. கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலியில் கையூன்ற இடமில்லை. மேடுபள்ளத் தரையில் அதன் பின்கால் விரிந்து ஆளோடு கவிழும். கழிப்பறை 50 மீட்டருக்குள் வேண்டும், கோப்பை உட்காரும் வகையாக, சாவி கையில். இது இல்லாவிட்டால் பெண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். மே மாதத்தில் அது மயக்கத்தில் முடியும். பழி கூட்டத்தின் மேல் விழும்.

நேரம் பெண்களுக்குச் சமையலும் தண்ணீரும் முடிந்து 10.30 முதல் 12, ஆண்களுக்கு மாலை 4 முதல் 5.30. சேர்ந்து வைப்பதானால் மாலைதான். ஆனால் முதல் இரண்டு மாதம் தனித்தனியே நடத்துவது நல்லது. சேர்த்து உட்கார வைத்தால் ஆண்கள் பேசுவார்கள், பெண்கள் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். ஞாயிறும் வேண்டாம்: சர்ச் ஒரு பக்கம், காசிமேட்டு மீன் மறுபக்கம். மீனவக் குப்பங்களில் இன்னொரு கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், வலை சீர் பார்க்கும் வேலை குவியும். கடலுக்குப் போக முடியாத பெரியவரின் விரலுக்கு அப்போதுதான் மதிப்பு. அந்த இரண்டு மாதம் தனியாகக் கூட்டம் எதற்கு? வலை விரித்திருக்கும் இடத்துக்கே டீயும் நாற்காலியும் போனால் போதும். ஊசியும் நூலும் கையில் இருக்கும் மனிதரிடம் 'உங்களுக்குப் பொழுது போகிறதா' என்று கேட்க வேண்டியதே இல்லை.

என்ன செய்வது என்பதற்கு வட சென்னையில் முதல் பதில் கேரம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைக்காரர். தெருவுக்குத் தெரு போர்டு கிடக்கும் ஊர் இது. முதியோருக்கு இது கச்சிதமான ஆட்டம்: உட்கார்ந்து ஆடலாம், நான்கு பேர் சேரலாம், ஒருவர் அடிக்கும்போது மற்ற மூவரும் வம்பளக்கலாம். குனிந்து முதுகு போகாதபடி போர்டின் உயரம் உட்கார்ந்தவரின் முழங்கை மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கெடுவது எங்கே என்றால், பழைய ஆட்டக்காரர் இருவர் போர்டைப் பிடித்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க மட்டும் வருவார்கள். நன்றாக ஆடுகிறவரோடு புதியவரைச் சேர்த்து ஜோடி போட்டு, ஒரு போர்டு முடிந்ததும் ஜோடியை மாற்றிவிட வேண்டும். காசு வைத்து ஆடத் தொடங்கிய நாளோடு இழுத்து மூடிவிடலாம். பெண்களுக்குத் தாயமும் பல்லாங்குழியும். ஆனால் அவற்றைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வைக்க வேண்டும். பூ கட்டுவது எல்லாவற்றையும்விட நல்லது. கை ஓடும்போது வாய் தானாக ஓடும், கட்டிய பூவுக்கு நாலு காசும் வரும்.

காது

கூட்டத்தை விட்டு மெல்ல நழுவுகிறவர்கள் 'வீட்ல வேலை இருக்குது' என்பார்கள். பலருக்கு உண்மைக் காரணம் காது. இரண்டு தடவை 'என்னா?' என்று கேட்டு, மூன்றாம் தடவை மற்றவர் சிரித்தபோது கூடச் சிரித்துவைத்து, நான்காம் தடவை வராமலே இருந்துவிடுவார்கள். காது மந்தம், பிறரோடு பழக்கமின்மை இரண்டுமே மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகளின் பட்டியலில் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை இழுத்து வருகிறது. முதல் சோதனை எளிது. காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று ஸ்டான்லியிலோ பக்கத்து அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ பார்த்துவிட வேண்டும். சிலருக்கு அதை எடுத்தாலே பாதி சரியாகும். எண்ணெய் விடுவது, ஹேர்பின் போடுவது கூடாது. கேட்கும் கருவி வாங்கியவர்களில் பலர் அதை டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் முதல் இரண்டு வாரம் பாத்திரச் சத்தமும் ஆட்டோ ஹாரனும் மண்டைக்குள் இடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அமைதியான அறையில், ஒரே ஆளோடு பேசிப் பழகி நேரத்தைக் கூட்ட வேண்டும்.

கூட்டத்தில் காது மந்தமானவரின் முதுகு சுவரைப் பார்த்து இருக்கட்டும். பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழட்டும். ஃபேனுக்கு அடியில் உட்காரவைக்க வேண்டாம். கத்திப் பேசினால் வார்த்தை உடையும். கொஞ்சம் நிறுத்தி, வாயசைவு தெரியப் பேசினால் போதும்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு

சாவு வீட்டில் வட சென்னையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ராத்திரியோடு ராத்திரியாகப் பந்தல், கானா, தெருவே சேர்ந்து சோறு. பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைந்திருக்கும். அப்புறம் வடிந்துவிடும். கணவனை இழந்த பெண்ணை நல்ல காரியங்களுக்கு அழைப்பது குறையும். அழைத்தாலும் ஓரமாக நிற்கும்படி ஆகிவிடும் என்று அவரே தயங்குவார். மனைவியை இழந்த ஆணின் நிலை வேறு மாதிரி: வீட்டில் பேச்சு மனைவி வழியாகத்தான் நடந்ததென்பது அப்போதுதான் தெரியும், சாயங்காலம் டாஸ்மாக் பக்கம் கால் போகும். தேடிப் போக வேண்டிய காலம் இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும். ஆறுதல் சொல்லப் போக வேண்டாம், வேலை கொடுக்கப் போங்கள்: 'வியாழக்கிழமை டீக்கு நீங்கதான் பால் வாங்கியாரணும்.'

பத்து ரூபாய் டீக் காசு தவிர வேறு பணம் குழுவுக்குள் வரக்கூடாது. சீட்டு பிடிக்கலாம் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். ஆரம்பித்தால், தவணை கட்ட முடியாதவர் முகம் காட்டமாட்டார், அவர்தான் அதிகம் வர வேண்டியவர். தலைவர், செயலாளர், பொருளாளர், பேனர் இவையும் வேண்டாம். இந்த ஊரில் பொறுப்பாளர் பட்டியல் போட்டால் அடுத்த மாதமே இரண்டு அணி உண்டாகும்.

போன் விஷயத்தில் வாட்ஸ்அப் குரூப் எதிர்பார்க்கும் அளவு உதவுவதில்லை. காலை வணக்கப் படங்கள் நிரம்பி, வேண்டிய செய்தி அடியில் போய்விடும். போலீஸ் பேசுகிறேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்களின் லிங்க்கும் அதில்தான் வரும். பட்டன் போனும் மிஸ்டு காலும் போதும். காலை 8 மணிக்குள் ஒருவர் அடுத்தவருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், கடைசி ஆள் முதல் ஆளுக்கு. வரவேண்டிய இடத்திலிருந்து வராவிட்டால் 8.30-க்கு நேரில் ஒரு நடை. சங்கிலியில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம், எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கவே நேரமாகும். இது உடைவதற்கு முக்கியக் காரணம் ரீசார்ஜ். வேலிடிட்டி முடிந்த கொஞ்ச நாளில் வரும் அழைப்பும் நின்றுவிடும். பெரியவருக்கு அது தெரியாது, 'யாருமே போன் பண்றதில்ல' என்று உட்கார்ந்திருப்பார். ஆகவே வராதவர் நோட்டிலேயே ஒவ்வொருவர் பெயருக்கு எதிரில் ரீசார்ஜ் முடியும் தேதியையும் குறித்துவைக்க வேண்டும்.

60 வயது கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு, 2016 முதல். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் டிக்கெட் காசே இல்லை என்பதால் டோக்கன் அதிகம் பயன்படுவது ஆண்களுக்கு. திருவொற்றியூர் வடிவுடையம்மனையோ பெரம்பூர் மாதாவையோ பார்க்க மாதம் ஒரு நடை சேர்ந்து போகலாம். பஸ்ஸின் முதல் படி உயரம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், காலை 11 மணி.

அக்டோபர் வந்தால் எல்லாமே சோதனைக்கு உள்ளாகும். சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் ஊர் இரண்டாகிவிடும். தெருவில் முழங்கால் தண்ணீர் இருக்கும்போது முதியோர் கூட்டம் நடக்காது. மழையில் ஆறு வாரம் நின்ற குழு பொங்கலுக்குப் பிறகு தானாக மறுபடி ஒன்றுசேரும் என்று நம்பாதீர்கள், சேராது. செப்டம்பர் கடைசியிலேயே இருவர் இருவராகப் பிரித்து, ஒரே மாடி அல்லது அடுத்தடுத்த வீடு என்று ஜோடி சேர்த்துவிட வேண்டும். மழை நாளில் சந்திப்பு அந்த ஜோடிக்குள் நடக்கும். யார் தரைத்தளம், யாருக்கு இன்சுலின், யாரைத் தூக்கித்தான் இறக்க முடியும் என்ற பட்டியல் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில். 2023 டிசம்பர் புயலில் கரண்ட்டும் சிக்னலும் போனபோது போனில் இருந்த பட்டியல் உதவவில்லை. காகிதத்தில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, இரண்டாம் மாடியில் ஒரு பிரதி இருக்கட்டும்.

தொடங்கியவர் வீடு மாறினால், அவருக்குக் குழந்தை பிறந்தால், தேர்தல் வேலைக்குப் போனால் குழு நின்றுவிடும். அதனால் இரண்டாம் மாதமே அறைச் சாவியை உறுப்பினர் ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும், நோட்டை இன்னொருவரிடம். எழுதப் படிக்கத் தெரியாதவரானாலும் பரவாயில்லை. வராதவருக்கு ஒரு கோடு போட்டால் போதும். இரண்டு கோடு தொடர்ந்து விழுந்தால் அன்று மாலையே ஒருவர் மாடி ஏறுவார்.